பாதி விரித்த பொன்னாடை

சன்னலைச் சாத்திவிடுங்கள், தம்பி. வெறுமனே இழுத்தால் வராது. அந்தக் கொக்கியை முதலில் மேலே தூக்க வேண்டும். ஆம், அப்படித்தான். இந்தத் தடத்துக்குப் புதியவர் போலிருக்கிறது. உப்பளத்தைத் தாண்டியதும் சாம்பல் உள்ளே வரும். மன்னிக்கவும், தூசு. தூசு உள்ளே வரும். சாம்பல் என்று சொல்லக் கூடாது. ஏன் கூடாது என்பது ஒரு கதை.

நீங்கள் எதுவரை? அனல்மின் நிலையமா? பம்பு பழுது பார்க்கவா? நல்லது. அது கடைசி நிறுத்தம். எனக்கு அதற்கு முந்தியது, கண்டல்குப்பம். முக்கால் மணி நேரம் இருக்கிறது. அரை மணி நேரக் கதைதான். மீதி நேரத்துக்கு அடிக்குறிப்புகள் உண்டு.

என் பெயர் குஞ்சிதபாதம். சிரிக்கலாம், தவறில்லை, சிதம்பரத்துப் பக்கம் வீதிக்கு ஒருவர் இருப்போம். முப்பத்தோர் ஆண்டு பள்ளிப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தினேன். அச்சுக்குப் போகும்முன் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பிழை களைகிற வேலை. நீங்கள் எட்டாம் வகுப்பில் புவியியல் படித்திருந்தால் என் சிவப்பு மை பட்ட புத்தகத்தைத்தான் படித்திருக்கிறீர்கள். அதில் ஒரே ஒரு பிழை உண்டு. அது நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் நேர்ந்தது. பக்க எண்கூட நினைவிருக்கிறது; சொல்ல மாட்டேன்.

எனக்கு ஓர் அநியாயம் நடந்தது, தம்பி. ஒரு பொன்னாடையைப் பாதி விரித்து, என் தோள்வரை கொண்டுவந்து, திரும்ப மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்த்திய பொன்னாடையைப் பிறகு யாராவது வாங்கிக்கொண்டு போவதுண்டு. கல்யாண மண்டபங்களில் கண்டிருக்கிறேன். பாதியில் மடித்ததை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

முதலிலிருந்து சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து கிருபாகரன் என்பவர் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். மெதுவான குரல். எதைச் சொன்னாலும் 'பாசிட்டிவா எடுத்துக்கலாம் ஐயா' என்று முடிப்பார். அனல்மின் நிலையம் சுற்றுவட்டார மக்களுக்குப் பேரிடர்ப் பயிற்சி அளிக்க விரும்புகிறது, அதற்கு ஒரு கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தர வேண்டும் என்றார்.

"எந்தப் பேரிடர்?" என்று கேட்டேன்.

"எரிமலை, ஐயா."

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் எரிமலை என்றார். எரிமலை வெடித்தால் சாம்பல் வந்து விழும், அதை எதிர்கொள்ள மக்கள் எப்படித் தயாராவது என்கிற பொருள்.

"இங்கே ஏது எரிமலை?"

"அதுதான் ஐயா அதுல வசதி" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். வெள்ளத்தை எடுத்துக்கொண்டால், கழிமுகத்தை அடைத்தது யார் என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். புயலை எடுத்தால், கரையில் இருந்த அலையாத்திக் காட்டை வெட்டியது யார் என்பார்கள். தீ விபத்து பேச்சையே எடுக்க முடியாது. நிலநடுக்கம் யோசித்தார்களாம், பள்ளிக்கூடச் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறதே, லாரி போய்ப் போய் வந்தது, அதைக் காட்டுவார்கள் என்று விட்டுவிட்டார்கள். எரிமலை என்றால் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. நாற்பது பேரிடர்கள் கொண்ட பட்டியலில் நிலையம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடியது அது ஒன்றுதான். விண்கல் விழுவது இரண்டாவது இடம்.

எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. எனக்குத் தேவை ஒழுங்கான மூலமும் போதுமான காலமும். இரண்டும் கிடைத்தன. நாற்பத்தெட்டுப் பக்கம், ஏழு இயல்கள். 'எரிமலைச் சாம்பல் வீழ்ச்சி: மக்கள் கையேடு'. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன். அட்டையில் நிலையத்தின் முத்திரை. முன்னுரை, தலைமைப் பொறியாளர் பெயரில். அதையும் நான்தான் எழுதினேன். 'சாம்பல் மனித நுரையீரலுக்கு மிகக் கொடியது என்பதை எங்கள் நிலையம் அறியும். ஒரு குழந்தையின் மூச்சில்கூட அது கலந்துவிடக் கூடாது என்பதே எங்கள் தலையாய கவலை.' நல்ல வாக்கியம். மனப்பாடமாகச் சொல்கிறேன் பாருங்கள். பொறியாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் வகுப்பு கண்டல்குப்பத்து அங்கன்வாடியில். மீன் விற்கிற, நண்டு பொறுக்குகிற பெண்கள் நாற்பது பேர். முன்வரிசையில் நிலையத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. டீ வந்தது. ஒவ்வொரு தம்ளர் மேலும் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி. நல்ல உபசாரம் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன்: அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் மூடி. டீக்கு மூடி, குழம்புக்கு மூடி, குடத்துக்கு மூடி, காயப்போட்ட கருவாட்டுக்குப் பழைய புடைவை. ஒரு வாய் குடிப்பார்கள், மூடுவார்கள், பேசுவார்கள், திறப்பார்கள். அதிகாரியும் அப்படியே செய்தார். பழக்கம்.

நான் காகிதக்கூழில் எரிமலை ஒன்று செய்து கொண்டுபோயிருந்தேன். சமையல் சோடாவில் வினிகரையும் குங்குமத்தையும் கலந்து ஊற்றினால் பொங்கும். பொங்கியது. அதிகாரியின் செருப்பில் கொஞ்சம் வழிந்தது. கைதட்டல் நின்றதும் ஒருத்தி எழுந்தாள். தேசம்மா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். நண்டு வியாபாரம். அந்த ஊர்ப் பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"சார், இந்த மலை எங்க கீது?"

"அந்தமானுக்குக் கிழக்கே, அம்மா. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் இருக்கும்."

"அது வெடிச்சா இங்க சாம்ப வந்து வுழுமா?"

"வாய்ப்பு மிகமிகக் குறைவு."

அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் ஒரு விரலை வைத்து நீளமாக இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறம். அந்த நிறத்துக்கு வேறு பெயர் இல்லை, நான் என்ன செய்வது?

"அப்ப இது இன்னாது?"

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தம்ளர் மூடியைப் பார்த்தார். நிலையத்தின் சுற்றறிக்கை ஒன்றை எனக்கு முன்பே கொடுத்திருந்தார்கள். நிலையத்திலிருந்து சாம்பல் வெளியேறுவதில்லை. ஆகவே ஊரில் காணப்படுவது இயற்கையான தூசு. நான் அறிக்கைகளை மதிக்கிறவன்.

"அது தூசு" என்றேன்.

"எங்கூட்டு இட்லி மேல குந்துனா தூசு. ஒங்க பொஸ்தகத்துல குந்துனா சாம்பலா?"

சிரித்தார்கள். அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். எரிமலை சார். இந்தப் பேருந்தில்கூடப் பாருங்கள், அந்த நடத்துநர் என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவருக்கு அந்த ஊரில் அத்தை வீடு.

இன்னொன்று சொல்ல வேண்டும். இயல் மூன்று, பக்கம் பதினெட்டு. தண்ணீர்த் தொட்டியை மூடி வை. கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்று. பெருக்கும்முன் தண்ணீர் தெளி. துணியை வீட்டுக்குள்ளே உலர்த்து. இவ்வளவையும் நான் வாசித்தபோது ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை. கேட்டால் எல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்களாம். என் நூல் வெளிவருவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே! அனுமதியும் கேட்கவில்லை, மூலத்தையும் குறிப்பிடவில்லை. எனக்குச் சற்று வருத்தம்தான்.

அந்த அங்கன்வாடியில் ஓர் அலமாரி. அதில் மூச்சிழுப்புக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர்கள், ஏழு, வரிசையாக. ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் போய் உற்றுப் பார்த்தேன். ஏழில் இரண்டு பெயர் பிழை. தேசம்மா மகள் பெயர் ஜீவிதா. குறில் போட்டு 'ஜிவிதா' என்று எழுதியிருந்தது. என் பேனாவாலேயே திருத்திக் கொடுத்தேன். அந்த ஊரில் எழுத்தறிவு இன்னும் வளர வேண்டும்.

சரி. ஏழாம் இயல். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

ஏழாம் இயல், சாம்பல் படிவை அளத்தல். ஒரு தட்டையான பாத்திரத்தைத் திறந்த வெளியில் வை. மறுநாள் காலை ஆறு மணிக்கு எடு. விழுந்ததை அள. நாள், இடம், நேரம், காற்றின் திசை எழுது. சேர்ந்ததைப் பொட்டலமாகக் கட்டிவை. எரிமலை நாடுகளில் மக்கள் இப்படி அளந்து அனுப்புவார்கள், ஆராய்ச்சிக்கு உதவும். நான் இதைத் தொண்ணூறு நாள் செயல்முறைப் பயிற்சியாக வைத்தேன். கிருபாகரனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. அறிக்கையில் எழுத இவ்வளவு நாள் கிடைக்கிறதே. நிலையமும் ஒப்புதல் தந்தது. தந்தார்கள், தம்பி, எழுத்தில் தந்தார்கள். நான் வற்புறுத்தி வாங்கினேன்.

தேசம்மா ஒன்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்பது மொட்டைமாடியிலும் ஒவ்வொரு தாம்பாளம். கல்யாணத்துக்குச் சீர்வரிசை வைக்கிற பெரிய தாம்பாளம். இரண்டாம் நாளே தகராறு. மூலநூலில் அளவுகோலால் உயரம் அளக்கச் சொல்லியிருக்கிறது. "இது மாவு மாறி கீது சார், ஸ்கேல வெச்சா ஒட்டிக்கினு வருது. எடை போடலாம்" என்றாள். பக்கத்து ஊர் நகைக் கடைக்காரர் தூக்கிப் போட இருந்த மின்தராசு ஒன்றை வாங்கிவந்திருந்தாள். நூலில் இல்லாததை எப்படி அனுமதிப்பது? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஓர் அடிக்குறிப்பு எழுதி, தேதியிட்டு, அனுமதித்தேன். அந்தத் தராசு சரியா என்று பார்க்கச் சனிக்கிழமைதோறும் என் வீட்டிலிருந்து ஐந்து கிராம் எடைக்கல் ஒன்றையும் கொண்டுபோனேன். இல்லாவிட்டால் எண்களுக்கு என்ன மதிப்பு?

காற்றின் திசைக்கு நான் எட்டுத் திசைப் பெயர்களைக் கொடுத்தேன். அவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று எழுதினார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள். காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து. நல்ல சொற்கள், விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. கச்சான் அடித்த நாளில் தாம்பாளத்துக்கு மூன்று கிராம், மூன்றரை கிராம். கொண்டல் அடித்த நாளில் அரை கிராம். நிலையம் ஊருக்கு மேற்கே இருக்கிறது. இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. முடிவுக்கு வருவது மெய்ப்புத் திருத்துகிறவன் வேலை அல்ல.

வாரம் ஒரு முறை போவேன். ஏழு தாள், தாளுக்கு ஒன்பது வரி. ஒவ்வொன்றையும் பொட்டலத்தோடு ஒப்பிட்டு, திருத்தி, கீழே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, முழுக் கையொப்பம். சுருக்கொப்பம் போடும் வழக்கம் எனக்கு இல்லை. நாற்பத்தோராம் நாள் மூன்றாம் வீட்டில் 2.3 என்று எழுதியிருந்தார்கள். பொட்டலத்தைத் தராசில் வைத்தால் 3.2. இலக்கங்களை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தேன். வேறு யாருக்கு அது கண்ணில் பட்டிருக்கும், சொல்லுங்கள்.

பிறகு ஒரு நாள் போனால், ஒன்பது வரியும் சுழியம். அடுத்த நாளும் சுழியம். கடைசியில் மொத்தம் பதினொரு நாள் அப்படி ஆனது. எனக்கு வந்த கோபம்! நெருப்பாக எரிந்து விழுந்தேன்.

"தாம்பாளத்தை வைக்க மறந்துவிட்டு, உட்கார்ந்த இடத்தில் சுழியம் போட்டிருக்கிறீர்கள்!"

"ஐயோ, சத்தியமா வெச்சோம் சார். பிளாண்ட நிப்பாட்டிக்கிறான். ரிப்பேராம். சிம்னில பொகையே இல்ல, நீயே பாரு."

"கச்சான் அடிக்கிறதே?"

"அடிக்குது. மேல இருந்து இன்னாத்த எத்துக்கினு வரும்? வெறுங்காத்து வருது."

நான் விடவில்லை. மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்து ஆறு மணிக்கு நானே அங்கே இருந்தேன். ஒன்பது மாடி ஏறினேன், இந்த முழங்காலோடு. ஒன்பது தாம்பாளமும் முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தன. சிலவற்றில் என் முகத்தையே பார்த்தேன். ஊரெல்லாம் துணி வெளியே காய்ந்துகொண்டிருந்தது. கோயில் திருவிழாபோல இருந்தது. டீக் கடையில் மூடி இல்லாமல் கொடுத்தான். எனக்கு ஏதோ குறைவதுபோல இருந்தது.

அப்போதும் நான் சொன்னேன்: "காரணம் எழுதாத சுழியம் செல்லாது. குறிப்புக் கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள்."

தேசம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நெஜமா எழுதட்டா சார்?"

"எழுதத்தான் வேண்டும். வெற்றுக் கட்டம் விடக் கூடாது."

அப்படி எழுதியதுதான், பதினொரு தாளிலும்: 'நிலையம் இயங்கவில்லை. படிவு இல்லை.' வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்தது. அவள் எழுதியிருந்தால் 'பிளாண்டு நின்னு போச்சு' என்று எழுதியிருப்பாள். கீழே, சரிபார்க்கப்பட்டது, கு. குஞ்சிதபாதம்.

இப்போது பொன்னாடைக்கு வருகிறேன்.

நிலையத்துக்கு ஐந்தாவது புகைபோக்கி ஒன்று வேண்டியிருக்கிறது. அங்கன்வாடியின் பின்சுவரிலிருந்து இருநூறு மீட்டரில். அதற்காக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். பந்தல், மேடை, மின்விசிறி எல்லாம் நிலையத்தின் செலவு. முதலில் நிலையம் ஊருக்குச் செய்த நன்மைகள், அதன்பின் கருத்து. நன்மைகளில் நான் ஒருவன். தலைமைப் பொறியாளர் பொன்னாடையைப் பிரித்தார். பச்சைக் கரை. என் இடது தோளில் அதன் நுனி பட்டது, தம்பி. அந்தக் குளிர்ச்சியை இப்போதும் சொல்வேன்.

அந்த நேரம் பார்த்து தேசம்மா மேடை ஏறினாள். கையில் தாம்பாளம். சீர் கொண்டுவருகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மரியாதை செய்ய வருகிறாள் என்று நான்கூட நினைத்தேன். தாம்பாளத்தில் தொண்ணூறு தாளும், அதன்மேல் என் கையேடும். பின்னால் எட்டுப் பெண்கள், கோணிப்பையில் பொட்டலங்களோடு.

"ஐயா, ஒங்க ரிப்போர்ட்டுல இந்த ஊருல சாம்ப வுழலன்னு போட்டுக்கிறீங்க. ஒங்க பொஸ்தகத்துல சொன்ன மாறி நாங்க அளந்துக்கிறோம். ஒங்க வாத்தியாரு தப்பு திருத்திக் கையெழுத்து போட்டுக்கிறாரு. முன்னாடி ஒங்க கையெழுத்து கீது, படிக்கட்டா?"

படித்தாள். மைக்கில். 'சாம்பல் மனித நுரையீரலுக்கு மிகக் கொடியது என்பதை எங்கள் நிலையம் அறியும்.' எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்திப் படித்தாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பதினொரு நாளைப் படித்தாள். நிலையம் இயங்கவில்லை, படிவு இல்லை. நிலையம் இயங்கவில்லை, படிவு இல்லை. பதினொரு தடவை. ஏழாவது தடவையிலிருந்து பந்தலில் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"யார் இதைச் சரிபார்த்தது?" என்று கேட்டார் சார் ஆட்சியர். சின்ன வயசுப் பெண். கூட்டத்துக்குத் தலைமை அவர்.

"அதோ நிக்கிறாரே, எங்க எரிமலை சார்!"

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். தலைமைப் பொறியாளரும் பார்த்தார். பார்த்துக்கொண்டே பொன்னாடையை மடித்தார். நான்காக, எட்டாக. மடித்து மக்கள் தொடர்பு அதிகாரியிடம் கொடுத்தார். அவர் அதை உதறினார். தூசு பறந்தது.

இதில் என் குற்றம் என்ன? சொல்லுங்கள்.

இருமுகிறீர்களா? இந்தாருங்கள் தண்ணீர். குடித்துவிட்டு மூடிவிடுங்கள்.

சார் ஆட்சியர் விசாரணை வைத்துவிட்டார். இன்றைக்குப் பதினொரு மணிக்கு, அதே அங்கன்வாடியில். இந்தத் தாள்கள் மெய்யா, விளையாட்டுக்கு எழுதியதா என்பது ஒன்றே கேள்வி. மெய் என்று நான் சொன்னால் ஐந்தாவது புகைபோக்கி அந்த இடத்தில் வராது. பயிற்சிக்காகப் போட்ட கற்பனை எண்கள் என்று சொன்னால் வரும்.

போன திங்களன்று கிருபாகரன் வந்தார், தட்டச்சு செய்த கடிதத்தோடு. நான் எழுதியதுபோல அவரே எழுதியிருந்தார். 'மேற்படி தாள்களில் உள்ளவை பயிற்சி நோக்கில் இடப்பட்ட கற்பனை எண்களே. அவற்றை நான் சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன்.'

"ஒரு சின்னக் கையெழுத்து ஐயா. பாசிட்டிவா எடுத்துக்கலாம். பொன்னாடையைப் பத்திரமா வெச்சிருக்காங்க. விழா தனியா வெச்சுக்கலாம். விண்கல் கையேடும் உங்களுக்குத்தான்."

விண்கல் என்றதும் எனக்குச் சற்று ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஏழு பிழைகள். சந்திப் பிழை நான்கு, ஒருமை பன்மை மயக்கம் இரண்டு, தேதி ஒன்று. திருத்தினேன். 'கற்பனை எண்கள்' என்பதை அடித்தேன், ஏனென்றால் அவை எடை போட்டவை, அது பொருட்பிழை. பிறகு அந்தக் கடைசி வாக்கியம். சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன்.

சரிபார்க்காமல். நான்.

தம்பி, ஐந்தாவது புகைபோக்கியைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. வரட்டும், போகட்டும். எனக்கு மின்சாரம் வேண்டும், இரவில் படிக்கிறவன். அந்தப் பெண்களுக்காக நான் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள். என் தாள்களை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மேடைக்குக் கொண்டுபோனவர்கள். அவர்களுக்காக நான் ஏன் இந்த வெயிலில் பேருந்து ஏற வேண்டும்? ஆனால் சரிபார்க்காமல் கையொப்பமிட்டேன் என்று ஒரு காகிதம், என் பெயரோடு, ஏதாவது ஓர் அலுவலகக் கோப்பில் என்றென்றைக்கும் இருக்கும் என்றால்? நாளைக்கு எவனாவது எடுத்துப் படிப்பான். அந்தப் புவியியல் புத்தகத்தையும் எடுத்துப் பார்ப்பான்.

அந்த வாக்கியத்தை அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். பிழையை நீக்கினால் கடிதத்தில் மிஞ்சியது 'ஐயா' என்பதும் என் முகவரியும்தான்.

போன சனிக்கிழமை சும்மா ஒரு நடை போய்வந்தேன். வேலை ஒன்றும் இல்லை, பழக்கம். அந்த அலமாரியைப் பார்த்தேன். ஏழு இருந்தது ஒன்பது ஆகியிருக்கிறது. புதிய இரண்டிலும் பெயரில் பிழை இல்லை, தேசம்மாவே எழுதியிருக்கிறாள். எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு நிமிடம். இவர்தான் அழைக்கிறார்.

ஆம் கிருபாகரன், சொல்லுங்கள். பேருந்தில்தான் வருகிறேன். வண்டி அனுப்பினீர்களா? எதற்கு, நிறுத்தத்திலிருந்து நடக்கிற தூரம்தானே. பொன்னாடையைப் பொறியாளர் கையிலேயே வைத்திருக்கிறாரா? பச்சைக் கரையா? அதேதானா, வேறா? சரி. கடிதத்தைத் திரும்ப அடித்தாயிற்றா? ஏழையும் திருத்தினீர்களா? மகிழ்ச்சி. கடைசி வாக்கியம்? இருக்கிறதா? இல்லை கிருபாகரன், அதை எடுக்க வேண்டும். நான் மாடி மாடியாக ஏறிப் பார்த்தேன். இல்லை, 'ஒரு வரிதானே' என்று சொல்லாதீர்கள். ஒரு வரிக்காக ஒரு பதிப்பையே நிறுத்தியிருக்கிறேன். பொன்னாடையா? அதை மடித்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். மடிப்புக் கலையாமல். வைக்கிறேன்.

பாருங்கள், புதுப் பட்டாம். இவ்வளவு தூரம் வந்தவன் எண்ணூற்றுப் பத்து எடையையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உட்காருவேன். சார் ஆட்சியருக்குப் பொறுமை இருக்க வேண்டும். ஐந்து கிராம் எடைக்கல்லும் பையில் இருக்கிறது. யாராவது தராசைக் குறை சொன்னால் அங்கேயே வைத்துக் காட்டலாம். நாற்பத்தோராம் நாள் திருத்தத்தையும் சொல்ல வேண்டும், 3.2 என்றால் நிலையத்துக்கு இன்னும் பாதகம், ஆனால் சரி எதுவோ அதுதான் சரி.

அதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, மேலே தார்ப்பாய் கட்டி, அதுதான் கண்டல்குப்பம். நிறுத்தத்தில் நிற்கிறாள் பாருங்கள், தாம்பாளத்தோடு. கூட்டமாக வேறு வந்திருக்கிறார்கள். இப்போது 'எரிமலை சார்' என்று கத்துவார்கள், கேளுங்கள். சொன்னேனா? கொஞ்சமும் மரியாதை கிடையாது.

அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். என் முதுகில் சாம்பல் படிந்திருந்தால் தட்டிவிடுங்கள். நன்றாகத் தட்டுங்கள். போதும்.

நீங்கள் இறங்கியதும் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், தம்பி. இயல் இரண்டு, பக்கம் பதினான்கு. எரிமலைக்காக எழுதியதுதான். ஆனாலும் இங்கேயும் பொருந்தும். இதை நான் சொன்னதாக அங்கே நிலையத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இல்லை. சொல்லுங்கள். பக்க எண்ணை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.